வெள்ளிக்கிழமைக் குளிசையும் 112 என்ற எண்ணும்

வெள்ளிக்கிழமைக்காரி · வியாழன், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 47. முடக்குவாதம் என்று சொல்லி மூன்று வருடமாகிறது. மெத்தோட்ரெக்ஸேட் கிழமைக்கு ஒருமுறை 15 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லிகிராம் குளிசை ஆறு. வெள்ளி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஆறு மஞ்சள் பொட்டுகளையும் உள்ளங்கையில் வைத்து எண்ணுவேன். இன்னொரு தரம் எண்ணிவிட்டுத்தான் வாயில் போடுவேன். திங்கட்கிழமை ஃபோலிக் அசிட்.

இவ்வளவு நாளும் ஈரல் டெஸ்ட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. எஸ்ஜிபிடி 31, 36, 38 என்று நாற்பதுக்குள்ளேயே நின்றது. இந்த முறை 112. எஸ்ஜிஓடி 74. பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு ‘எச்’, கூடிவிட்டது என்ற குறி. கவரை பஸ்ஸிலேயே பிரித்துப் பார்த்தது என் பிழை. வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவள் தெஹிவளைப் பாலம் தாண்டித்தான் தலை நிமிர்ந்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஆறையும் போடவா, விடவா? விடவும் பயமாக இருக்கிறது. போன வருடம் தடிமன் காய்ச்சல் என்று இரண்டு கிழமை நிறுத்தினேன்; மூன்றாம் கிழமை இடியப்ப உரலைப் பிழியக் கை வரவில்லை. மகன்தான் பிழிந்து தந்தான், அதுவும் புறுபுறுத்துக்கொண்டு.

வேப்பம்பூ · வியாழன், இரவு 10.05

அக்கா, அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து. முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து காலையில் வெறும் வயிற்றில் குடியுங்கள். என் தம்பிக்கு மஞ்சட்காமாலை வந்து கண் இரண்டும் மஞ்சளாகக் கிடந்தது. பத்தே நாளில் இறங்கியது.

கண்ணாடிக்குழாய் · வியாழன், இரவு 10.48

தங்கச்சி, முதலில் ஒரு பிளேன்ரீ குடியுங்கள். நான் வைத்தியர் இல்லை. 31 வருடம் ஆய்வுகூடத்தில் இரத்தத்தோடு இருந்து ஓய்வு பெற்றவன். அந்த அளவில் சொல்கிறேன்.

எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் ஈரல் கலங்களுக்குள் இருக்கிற நொதிகள். கலம் காயப்பட்டால் வெளியே கசிந்து இரத்தத்தில் கூடும். கசிகிறது என்பது ஒன்று, ஈரல் வேலை செய்யவில்லை என்பது வேறொன்று. வேலை செய்கிறதா என்று பார்க்க பிலிருபின், அல்புமின், இரத்தம் உறைகிற நேரம் இவற்றைப் பார்க்க வேண்டும். உங்கள் ரிப்போட்டில் அந்த வரிகள் என்ன சொல்கின்றன?

இன்னும் சில கேள்விகள். இரத்தம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? நோவுக்கு என்னென்ன போடுகிறீர்கள், பனடோல் உட்பட? கசாயம், தூள், லேகியம், கப்சூல் ஏதாவது? இந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்ததா? போன முறை டெஸ்ட் செய்த அதே இடத்தில்தானா இந்த முறையும்? ஒவ்வொரு ஆய்வுகூடத்துக்கும் மேல் எல்லை வேறு. ஓரிடத்து 45ஐ இன்னோரிடத்து 38ஓடு வைத்துப் பார்த்துப் பயந்து வந்த ஆக்களைக் கனக்கக் கண்டிருக்கிறேன்.

பிரித்தானிய வாதவியல் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்த இரண்டு நொதிகளில் ஒன்று 100ஐத் தாண்டினால் சிகிச்சை கொடுக்கிற பிரிவோடு கதைக்க வேண்டும் என்று இருக்கிறது. அதாவது 112 என்பது மூன்று கிழமை காத்திருக்கிற எண் இல்லை, ஓடிப்போய் வார்ட்டில் படுக்கிற எண்ணும் இல்லை. நாளைக் காலையில் கிளினிக்குக்குக் கோல் எடுக்கிற எண். குளிசையை விடுவதா போடுவதா என்பதை அவர்கள் சொல்லட்டும். கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கறுத்த தேத்தண்ணி போலப் போகிறது, ஓங்காளமும் சத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும் கோலுக்கும் காத்திருக்காமல் வெளிக்கிடுங்கள்.

வேப்பம்பூத் தம்பி, உங்கள் தம்பிக்கு வந்தது தொற்றால் வருகிற காமாலையாக இருந்தால், அது பெரும்பாலும் சில கிழமையில் தானாகவே இறங்குகிற சாமான். மோரை மட்டும் குடித்திருந்தாலும் இறங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமைக்காரி · வியாழன், இரவு 11.30

அண்ணா, பிலிருபின், அல்புமின் இரண்டுக்கும் பக்கத்தில் எச் இல்லை. அதே இடத்தில்தான் எடுத்தேன். காய்ச்சல் இல்லை.

எடுத்தது சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. முந்தைய முறைகளில் வேலைக்கு அரை நாள் லீவு போட்டு வியாழனில் எடுப்பேன். இந்த முறை லீவு தரவில்லை. வெள்ளி இரவு ஒன்பதுக்கு ஆறு குளிசை, சனி ஏழுக்கு ஊசி.

பனடோல் ஒரு நாளைக்கு நான்கு போடுவேன், மழை நாளில் ஆறு. டைக்ளோபெனாக் 50 இரவில் ஒன்று. கிளினிக்கில் தந்தது இல்லை. பழைய துண்டைக் காட்டி பாமசியில் எடுத்தது.

கசாயம்... ஓம். பெரியம்மா எங்களோடுதான் இருக்கிறா. பின்பக்கத்து பல்கனிக் கம்பியில் சீந்தில் படர விட்டிருக்கிறா. தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, அம்மியில் நைத்து, எட்டொன்றாய் வற்றக் காய்ச்சி, ‘இது வாதத்துக்கு’ என்று ஒரு சின்னக் கிளாசில் தருவா. கசப்பில் காது அடைக்கும். ஆறு கிழமையாகத் தினமும் குடிக்கிறேன். கிளினிக்கில் ‘வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா’ என்று கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, அண்ணா. பல்கனியில் வளர்கிறதை மருந்து என்று நினைக்கவே தோன்றவில்லை.

கண்ணாடிக்குழாய் · வெள்ளி, காலை 6.15

விடிய எழும்பி முதல் வேலையாக இதற்குப் பதில் எழுதுகிறேன். மனைவி கோபத்தில் இருக்கிறா.

இரத்தம் எடுத்த நாளை முதலில் பார்ப்போம். மெத்தோட்ரெக்ஸேட் போட்டதும் ஓரிரு நாளுக்கு நொதி தற்காலிகமாக ஏறலாம். அதனால்தான் அடுத்த வேளைக்கு ஒன்றிரண்டு நாள் முன்னர் இரத்தம் எடுப்பது நல்லது என்கிறார்கள். வெள்ளிக்காரர்களுக்கு வியாழன் சரி. நீங்கள் முந்தி வியாழனில் எடுத்தது தெரிந்து செய்ததோ, தற்செயலோ, அந்த எண்களையும் சனிக்கிழமை எண்ணையும் ஒரே தராசில் வைக்க ஏலாது. ஆனால் இதை மட்டும் சாட்டி 112ஐத் தள்ளிவிடவும் ஏலாது.

ஆறு பனடோல் என்றால் மூன்று கிராம் பரசிட்டமோல். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாள் உச்சம் நான்கு கிராம், எட்டுக் குளிசை. எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். ஆனால் தடிமனுக்கு என்று கடையில் வாங்குகிற பல குளிசைகளுக்குள்ளும் அதே பரசிட்டமோல் ஒளிந்திருக்கும், அதையும் சேர்த்து எண்ண வேண்டும். டைக்ளோபெனாக் ஈரல் நொதியை ஏற்றக்கூடியது என்று பெயர் எடுத்தது. அந்தக் குடும்ப மருந்துகள் சிறுநீரகம் வழியாக மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறுவதையும் மெதுவாக்கலாம். வைத்தியர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்தான், ஆனால் கொடுப்பது தெரிந்து, டெஸ்ட்டைப் பார்த்துக் கொடுப்பார்கள். உங்கள் வைத்தியருக்கு நீங்கள் அதை எடுப்பதே தெரியாது.

இனிச் சீந்தில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதுதான். கொரோனாக் காலத்தில் இந்தியாவில் நோயெதிர்ப்புச் சக்திக்கு என்று சனம் சீந்திலைக் குடம் குடமாய்க் குடித்தது. 2020 செப்டெம்பரிலிருந்து டிசம்பருக்குள் ஈரல் பாதிப்போடு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை வைத்தியர்கள் 2021இல் எழுதினார்கள். உடம்பின் காவற்படை தன் ஈரலையே தாக்குகிற மாதிரியான பாதிப்பு. முடக்குவாதம் என்றால் என்ன? காவற்படை தன் மூட்டையே தாக்குவது. அதை அடக்கத்தான் வெள்ளிக்கிழமை ஆறு குளிசை. வெள்ளி இரவு படையை அடக்கிவிட்டு, மற்ற நாளெல்லாம் அதைத் தட்டி எழுப்புவதற்குக் கசாயம் குடித்தால் எப்படி, தங்கச்சி?

வேப்பம்பூ · வெள்ளி, காலை 7.02

அந்த மும்பைக் கதையை இந்திய ஆயுஷ் அமைச்சே மறுத்தது. அதையும் சொல்லுங்கள். நம் பாட்டன் பூட்டன் எல்லாம் குடித்துத்தானே வாழ்ந்தார்கள்.

கண்ணாடிக்குழாய் · வெள்ளி, காலை 7.20

மறுத்தது உண்மை. சீந்திலோடு வேறொரு கொடியை மாறிப் பிடுங்கியிருக்கலாம் என்றும் ஒரு வாதம் வந்தது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். பெரியம்மாவின் பல்கனிக் கொடி எது என்று யார் பார்த்துச் சொன்னது? பாட்டன் பூட்டன் சீந்தில் குடித்தார்கள், மெத்தோட்ரெக்ஸேட்டும் டைக்ளோபெனாக்கும் சேர்த்துக் குடிக்கவில்லை. சித்த வைத்தியத்தில் நம்பிக்கை இருந்தால் பதிவு செய்த வைத்தியரிடம் போய், இந்தக் குளிசை எடுக்கிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். நான் வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை, சொல்லாமல் குடிப்பதைத்தான் சொல்கிறேன்.

மாளிகாவத்தை மகன் · வெள்ளி, காலை 9.11

தாத்தா (எங்கள் பேச்சில் அக்கா), பயப்படாதீங்க. என் உம்மாவுக்கும் இதே வருத்தம், ஆனால் மருந்து லெஃப்ளுனமைட், தினமும் 20. ஐந்தாம் மாதம் எஸ்ஜிபிடி 180. வைத்தியர் அன்றைக்கே நிறுத்தினார். நாங்கள் அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு கிழமை கழித்தும் எண் இறங்கவில்லை. அப்போதுதான் விளக்கினார்: இந்த மருந்து உடம்பை விட்டுப் போக மாதக்கணக்கு, சிலருக்கு இரண்டு வருடம்கூட எடுக்குமாம். ஈரல் ஒருதரம் வெளியேற்றுவதைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறதாம்.

அதைக் கழுவ கொலஸ்டிரமைன் என்று ஒரு தூள். மூன்று வேளை, எட்டு எட்டுக் கிராம், 11 நாள். மருதானையில் தொடங்கி நான்கு பாமசி ஏறி இறங்கித்தான் எடுத்தேன். ஈர மணலைத் தண்ணீரில் கரைத்தது போல இருக்கும். உம்மா ஒவ்வொரு கிளாசுக்கும் என்னை ஏசினா. ஆனால் அதற்குப் பிறகு எண் விழுந்தது. இப்போது வேறு மருந்தில் இருக்கிறா.

உங்களது மெத்தோட்ரெக்ஸேட், அந்தத் தொல்லை இல்லை. நான் சொல்ல வந்தது, எந்த மருந்து என்பதைப் பொறுத்து ‘நிறுத்துவது’ என்பதற்கே அர்த்தம் மாறும். அதனால் தானாக முடிவெடுக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை அக்கா · வெள்ளி, முற்பகல் 10.30

நீ இரண்டு தரம் எண்ணுகிறாய் என்று வாசித்ததும் என் நெஞ்சு குளிர்ந்தது, பிள்ளை. அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்ததே, அப்போது கொழும்பில் எங்கு தேடியும் என் குளிசை இல்லை. தம்பி சென்னையிலிருந்து ஒருவரிடம் கொடுத்து அனுப்பினான். அதே மஞ்சள், அதே பெயர். வழக்கம்போல ஆறைப் பிரித்துக் கையில் வைத்தாயிற்று, தண்ணீரும் எடுத்தாயிற்று. அட்டையைக் குப்பையில் போடப் போனபோதுதான் 10 என்ற இலக்கம் கண்ணில் பட்டது. 2.5 இல்லை! பதினைந்துக்குப் பதில் அறுபது போயிருக்கும். அன்றிரவு முழுக்க நித்திரை இல்லை.

இன்னொன்று. எனக்குத் தெரிந்த ஒருவரின் குளிசைப் பையில் ‘ஒரு நாளைக்கு ஒன்று’ என்று பிழையாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. ஆறாம் நாள் வாயெல்லாம் புண், தண்ணீர்கூட விழுங்க ஏலாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிழமைக்கு ஒருநாள் குளிசையைத் தினமும் போட்டால் ஈரல் டெஸ்ட்டுக்கு முன்னரே எலும்பு மச்சை படுத்துவிடும். நான் இப்போது பெட்டியின் மேலே மார்க்கரால் ‘வெள்ளி மட்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அதோடு, சிறுநீர்த் தொற்று, சளி என்று வேறொரு வைத்தியரிடம் போனாலும் இந்தக் குளிசையின் பெயரைச் சொல்ல வேண்டும். கோ-ட்ரைமொக்சசோல் என்கிற அன்டிபயோட்டிக் இதோடு சேரவே கூடாது.

நடுராத்திரிக் கொத்து · வெள்ளி, பிற்பகல் 1.15

எனக்கு 34 வயது, சோரியாசிஸோடு வந்த மூட்டுவாதம், அதே மெத்தோட்ரெக்ஸேட். என் கேள்வியைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்யாண வீட்டில் இரண்டு கிளாஸ் சாராயம் பரவாயில்லையா?

அப்புறம், போன வருடம் டெங்கு வந்து படுத்தபோது எனக்கு எஸ்ஜிஓடி 340 வரை போனது. நான் மருந்துதான் ஈரலைத் தின்றுவிட்டது என்று அழாத குறை. வார்ட்டில் இருந்த டொக்டர், டெங்குவிலேயே இப்படி ஏறும், எஸ்ஜிஓடிதான் கூட ஏறும் என்று சொன்னார். காய்ச்சல் விடும்வரை மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தி, பிறகு டெஸ்ட் பார்த்துத் தொடங்கினார்கள். கொழும்பில் இருக்கிற எங்களுக்கு இது ஒரு உபரித் தலையிடி.

கண்ணாடிக்குழாய் · வெள்ளி, பிற்பகல் 2.40

டெங்குவில் டைக்ளோபெனாக், அஸ்பிரின் பக்கமே போகக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கிறது. காலிமுகத்திடலில் ஓடிவிட்டு, ஜிம்மில் பாரம் தூக்கிவிட்டு அடுத்த நாள் இரத்தம் கொடுத்தாலும் அது ஏறும்.

சாராயம் பற்றி. பல வைத்தியர்கள் வேண்டவே வேண்டாம் என்பார்கள். இங்கிலாந்தில் 11,000க்கும் மேற்பட்ட மெத்தோட்ரெக்ஸேட் நோயாளர்களைப் பார்த்து 2017இல் வந்த ஆய்வில், கிழமைக்கு 14 யூனிட்டுக்குக் கீழே குடித்தவர்களுக்கு ஈரல் நொதி ஏறும் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. 14 யூனிட் என்பது நம் சாராயத்தில் அரைப் போத்தலுக்குச் சற்று மேல், ஏழு நாளுக்கும் சேர்த்து. கல்யாண வீட்டில் ஒரே இரவில் முடிக்கிற கணக்கு இல்லை அது. சோரியாசிஸ்காரர்களுக்குக் கொழுப்பு ஈரல் சேர்ந்து வருவது அதிகம் என்பதால் உங்கள் கதை வேறு. கிளாசைத் தூக்குவதற்கு முன்னர், ஈரலை ஸ்கேன் எடுத்ததுண்டா என்று யோசியுங்கள். உங்கள் பெயரில் இருக்கிற கொத்து ரொட்டியும் இதில் ஒரு குற்றவாளிதான்.

வெள்ளிக்கிழமைக்காரி · வெள்ளி, மாலை 6.55

கோல் எடுத்தேன். மூன்றாம் தரம்தான் கிடைத்தது. நேர்ஸ் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கசாயம் உட்பட. ‘சீந்தில்’ என்றால் விளங்கவில்லை, ‘ரசகிந்த’ என்று சிங்களத்தில் சொன்னதும் ‘அய்யோ’ என்றா. டொக்டரிடம் கேட்டுத் திரும்ப எடுத்தா.

இன்றைக்கும் அடுத்த வெள்ளியும் குளிசை வேண்டாம். கசாயமும் டைக்ளோபெனாக்கும் உடனே நிற்க வேண்டும். பனடோல் தேவையென்றால் ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஃபோலிக் அசிட் தொடரலாம். இரண்டு கிழமையில், வியாழனன்று, திரும்ப இரத்தம். வரும்போது வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னா, கிளினிக் கொப்பியோடு.

ஊசி குத்தி ஈரலில் துண்டு எடுப்பார்களாமே, உண்மையா? ஒரு சித்தி பயம் காட்டிவிட்டுப் போயிருக்கிறா.

கண்ணாடிக்குழாய் · வெள்ளி, இரவு 7.30

சித்தி பழைய காலத்து ஆள். அந்த நாளில், முக்கியமாக சோரியாசிஸ்காரர்களுக்கு, மருந்து மொத்தமாக இத்தனை கிராம் சேர்ந்ததும் துண்டு எடுப்பது வழக்கமாக இருந்தது. இப்போது ஸ்கேன், இரத்தம் என்று வேறு வழிகள் பார்த்தும் விடை கிடைக்காவிட்டால்தான் அந்தப் பேச்சு.

வெள்ளிக்கிழமைக்காரி · இரண்டு கிழமைக்குப் பின், வெள்ளி

58! எஸ்ஜிஓடி 41. இந்த முறை ரிப்போட்டை வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்துதான் பிரித்தேன்.

கை மட்டும் சரியில்லை. காலையில் விரல் மடங்க ஒன்றரை மணித்தியாலம். சட்டைப் பொத்தான் போட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஈரல் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படும்போதே மூட்டு கணக்குக் கேட்கிறது.

வெள்ளிக்கிழமைக்காரி · ஏழு கிழமைக்குப் பின், ஞாயிறு

எழுதாமல் விட்டதற்கு மன்னிக்கவும். கிளினிக்கில் பையைக் கவிழ்த்துக் காட்டினேன். டைக்ளோபெனாக் இரண்டு அட்டை, தடிமன் குளிசை ஒன்று, மூட்டுக்கு என்று யாரோ தந்த மஞ்சள் கப்சூல் போத்தல் ஒன்று. அந்தப் போத்தலை நானே மறந்திருந்தேன். டொக்டர் அதைத் தனியே எடுத்து வைத்தார். கறியில் போடுகிற மஞ்சளுக்குப் பயமில்லை, உடம்பில் நன்றாகச் சுவறவேண்டும் என்று மிளகுச் சத்தோடு செறிவாக்கி வருகிற கப்சூலில் ஈரல் பாதிப்பு வந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்.

ஸ்கேனில் லேசான கொழுப்பு ஈரல். சீனி போட்ட தேத்தண்ணி ஒரு நாளைக்கு ஐந்து குடித்தவள்தானே. ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் தொடக்கத்திலேயே பார்த்தது, இல்லை. எது செய்த வேலை என்று நேரடியாகக் கேட்டேன். ‘மூன்று நான்கை ஒரே நாளில் நிறுத்திவிட்டோம், இனி யாரென்று பிடிக்க ஏலாது. பிடிப்பதற்காகத் திரும்பக் குடித்துப் பார்க்கவும் மாட்டோம்’ என்று சிரித்தார்.

மெத்தோட்ரெக்ஸேட்டைப் பத்தில் திரும்பத் தொடங்கியாயிற்று, நான்கு குளிசை. ஃபோலிக் அசிட் கிழமைக்கு இரண்டு நாள். கடைசி வியாழன் எஸ்ஜிபிடி 37. விரல் இப்போது முக்கால் மணித்தியாலத்தில் மடங்குகிறது. அடுத்த முறையும் நன்றாக இருந்தால் 12.5க்குப் போகலாம் என்றார். அதிலும் ஏறினால் ஊசியாக மாற்றுவதா, வேறு மருந்து சேர்ப்பதா என்று பார்க்கலாமாம்.

பெரியம்மாதான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ‘என் கையால் தந்தது உனக்கு நஞ்சாப் போச்சோ’ என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டா. இல்லை பெரியம்மா, நான் டொக்டரிடம் சொல்லாமல் குடித்ததுதான் பிழை என்று வாசலில் நின்று சொன்னேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் மேசையில் சீனியில்லாத பிளேன்ரீயும் வல்லாரைச் சம்பலும் இருந்தன.

வேப்பம்பூ · ஞாயிறு, இரவு 8.20

அக்கா, வல்லாரையாலும் ஈரல் கெட்ட கதை ஒன்று வாசித்தேன். இப்போது எனக்கே எல்லாவற்றிலும் சந்தேகமாக இருக்கிறது. சம்பலையும் நிறுத்த வேண்டுமா?

கண்ணாடிக்குழாய் · ஞாயிறு, இரவு 8.45

அது குளிசையாக விழுங்கிய ஒரு சிலரின் கதை. தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் போட்ட சம்பலைச் சாப்பிடட்டும், தம்பி. ஆனால் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனாலும் குறைவில்லை.